மரமா, மனிதனா?

நம் பங்குப் பேரவையின் சென்ற கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்விக்கு அங்கேயே நாம் விடை கூறியிருக்க வேண்டும். கூறவில்லை. கைதட்டல் ஓசை அடங்கும்வரை குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முடிவை அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்து, இறுதிச் செபம் சொல்லி எல்லாரையும் அனுப்பிவிட்டோம். அந்த மௌனத்திற்கான கடனை இவ்விதழின் பக்கங்களில் தீர்க்க முற்படுகிறோம். செய்தி நம் ஒரு பங்கோடு முடிவதாயின் ஆசிரியருக்கு எழுதத் துணிந்திருக்க மாட்டோம். மலையோரப் பங்குகள் பலவற்றிலும், குருக்களின் கூட்டங்களிலும், ஏன், சில மறையுரைகளிலும் இதே கேள்வி இதே சொற்களில் கேட்கப்படுகிறது என்பதாலேயே எழுதுகிறோம்.

பொருள் இதுதான். கீழ்ப்பழனி மலைச் சரிவில் நம் பங்கிற்குப் பன்னிரண்டு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் தம் ஆன்ம இளைப்பாற்றிக்காக எழுதிவைத்துச் சென்றது. பாதி, பராமரிப்பில்லாத பழைய காப்பித் தோட்டம். மீதி, எவரும் கைவைக்காத காடு. காட்டின் நடுவே ஓர் ஊற்று. அதன் நீர் சிற்றோடையாக இறங்கி முதலில் பளியர் குடியிருப்புக்கும், அதன் பின் இரண்டு சிற்றூர்களுக்கும் போய்ச் சேர்கிறது. இந்த நிலத்தைத் திருத்தி, தியான இல்லமும் தங்கும் விடுதியும் கட்டினால், வரும் வருவாயில் நம் தொடக்கப்பள்ளிக்குக் கூரை போடலாம் என்பது முன்மொழிவு. மலைப்பகுதியில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1955ஆம் ஆண்டிலேயே சட்டம் உண்டே என்று ஒருவர் நினைவூட்டினார். ‘அனுமதி வாங்கிக்கலாம்’ என்று பதில் வந்தது. ஊற்று என்னாகும் என்று ஒரு பெண்மணி கேட்டார். அப்போதுதான் நம் பேரவையின் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியர், நாம் மிகவும் மதிப்பவர், எழுந்து நின்று கேட்டார்: ‘சாமி, மரம் பெரிசா, மனுசன் பெரிசா?’

கைதட்டினார்கள்.

கேள்வி எளியோர் மீதுள்ள அன்பிலிருந்து பிறந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. கூரையில்லாத வகுப்பறையில் உட்காரும் பிள்ளைகள் அவர் கண்முன் நிற்கிறார்கள். ஆயினும் கேள்வியின் அமைப்பே பிழையானது. அது மனிதனை ஒரு தட்டிலும் மரத்தை மறுதட்டிலும் வைத்து நிறுக்கச் சொல்கிறது. அந்தத் தராசை நம் கையில் கொடுத்தது யார்? மலைநாட்டில் கடந்த சில ஆண்டுகளாக நாம் அடக்கம் செய்துவரும் மனிதர்கள் எந்தத் தட்டில் இருந்தார்கள்?

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியது. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அறுந்திருந்தமையால் செய்தி வெளியுலகை எட்டவே மறுநாள் காலையாயிற்று. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். பலருடைய வேர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பகுதியில் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியும் தங்களுக்கென ஒரு சென்ட் நிலமில்லாதவர்கள் அந்த மலையிலேயே அடுத்தடுத்துப் புதைக்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2019 ஆகஸ்டு 8ஆம் நாள், புத்துமலையும் கவளப்பாறையும் சரிந்தன. 2024 ஜூலை 30ஆம் நாள் விடியுமுன் வயநாட்டு முண்டக்கையும் சூரல்மலையும் ஏறத்தாழ 300 உயிர்களோடு அடித்துச் செல்லப்பட்டன. பல நாட்டு அறிவியலாளர் கூடிச் செய்த விரைவாய்வு ஒன்று, புவி வெப்பமடையாதிருந்தால் பெய்திருக்கக்கூடிய மழையைவிட அன்று ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதலாகப் பெய்தது என்று கணித்தது. கடல் சூடேறுகிறது, சூடேறிய காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கிறது, சுமந்ததை ஒரே இரவில் கொட்டிவிடுகிறது. வானம் இனி இப்படித்தான் நடந்துகொள்ளப் போகிறதென்றால், அதன் கீழ் ஏழைகள் எப்படிப் பிழைத்திருப்பது என்பதே நம் முன் உள்ள வினா. பணக்காரனுக்கு வேறு வீடு இருக்கிறது. வேறு ஊரும் இருக்கிறது. லயன் வீட்டில் இருப்பவனுக்கும் பளியர் குடியிருப்பில் இருப்பவளுக்கும் தலைக்கு மேலே உள்ள காடு மட்டுமே இருக்கிறது.

இங்கே திருச்சபையின் உறுப்பினர்களாக, குறிப்பாகக் குருக்களாக, நாம் நெஞ்சில் அறைந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையை எவ்வாறு காப்பது என்று ஆராய மாதவ் காட்கில் தலைமையில் 2010இல் நடுவண் அரசு ஒரு குழுவை அமைத்தது. 2011 ஆகஸ்டு 31ஆம் நாள் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. அரசு அதை வெளியிடாமல் மறைத்து வைத்தது. தகவல் ஆணையம் ஆணையிட்டு, தில்லி உயர்நீதிமன்றமும் அரசின் மறுப்பைத் தள்ளிய பின்னரே 2012 மே மாதம் அது வெளிவந்தது, வந்ததும் ஆங்கிலத்தில். எந்தக் கிராம சபைகள் கூடி இதை விவாதித்து முடிவு சொல்ல வேண்டும் என்று அறிக்கை கேட்டுக்கொண்டதோ, அந்தக் கிராம சபைகளின் மொழியில் அன்று அது இல்லை. இடைவெளியை வதந்தி நிரப்பியது. உழவர்கள் மலையிலிருந்து விரட்டப்படுவார்கள் என்றார்கள். அறிக்கையில் அப்படி ஒரு பரிந்துரையே கிடையாது. புதிய கல்குவாரிகளுக்குத் தடை, செங்குத்துச் சரிவுகளில் ஆண்டுதோறும் மண்ணைக் கிளறும் பயிர்களுக்கு மாற்றாக நெடுங்காலப் பயிர்களுக்கு ஊக்கம், இவை போன்றவையே அதில் இருந்தன. பின்னர் வந்த கஸ்தூரிரங்கன் குழு 2013இல் காப்பு எல்லையை மலைத்தொடரின் 37 விழுக்காடாகச் சுருக்கியது. அதற்கும் அந்த ஆண்டு நவம்பரில் கேரள மலைநாடு கொதித்தெழுந்தது. அந்த எழுச்சியின் முன்வரிசையில் சில மறைமாவட்டங்களின் குருக்களும் ஆயர்களும் நின்றார்கள் என்பது ஊரறிந்த செய்தி.

நாம் அவர்களைக் குற்றக்கூண்டில் ஏற்ற எழுதவில்லை. உணவுப் பஞ்சக் காலத்தில் அரசே அழைத்து மலையேற்றிய குடியேறிகள் அவர்கள். பட்டாவுக்காக ஒரு தலைமுறை முழுவதும் அலைந்தவர்கள். காப்பி, மிளகு, ஏலம் இவற்றின் விலை ஏறி இறங்கும்போதெல்லாம் அவர்களோடு ஏறி இறங்கியது அங்குள்ள பங்குக் குரு ஒருவரே. அவர்களுடைய அச்சத்தின் பக்கம் அவர் நின்றது இயல்பே. ஆனால் நாம் கேட்பது வேறு. அந்த அறிக்கையை மறையுரை மேடையில் கண்டித்தவர்களுள் எத்தனை பேர் அதைப் படித்திருந்தோம்? ‘நாம்’ என்று தெரிந்தே எழுதுகிறோம். மலையின் இந்தப் பக்கம் இருந்த நாமும் அன்று ஒரு கூட்டத்தில், படிக்காமலேயே, ‘மக்களுக்கு எதிரான அறிக்கை’ என்று தலையசைத்தோம். உழவனின் பெயரால் எழுந்த அந்த முழக்கத்தின் நிழலில் கல்குவாரிக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். 2014 முதல் அரசு வரைவு அறிவிக்கை வெளியிடுவதும் அதைக் காலாவதியாக விடுவதுமாகவே காலம் கழிந்தது. ஆறாவது வரைவு 2024 ஜூலை 31ஆம் நாள், அதாவது வயநாட்டு மலை சரிந்த மறுநாள், வெளியாயிற்று. சேற்றில் உடல்களைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அதைப் படிக்க நேரமிருந்திராது.

இந்த இடத்தில் நம்மை மறுப்பவர் ஒரு வலுவான வாதத்தை எடுத்து வைக்கலாம். மழுப்பாமல் அதை எதிர்கொள்வோம். சூரல்மலையை அழித்த சரிவு தொடங்கியது 1,550 மீட்டர் உயரத்தில், மரங்களடர்ந்த காட்டுப் பகுதியில்தான் என்று செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அங்கிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவு ஆற்றின் வழியே பாறையும் மண்ணும் மரமும் ஓடியிருக்கின்றன. காடு இருந்தும் சரிந்ததே, காடு காக்கும் என்கிறீரே என்றால், உண்மை: காடு எல்லாச் சரிவையும் தடுக்காது. வேர்கள் இறுகப் பற்றியிருப்பது மேல்மண்ணையே. அதற்கும் கீழே, பாறையோடு மண் சேரும் ஆழத்தில், நீர் நிரம்பி அழுத்தம் கூடினால் காட்டோடு சேர்த்தே மலை பெயரும். காட்டை மாயமந்திரமாக விற்பவர்களிடம் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். அந்த ஆற்றின் கரைகளில் ஒரு காலத்தில் நின்ற கரையோரக் காடு எங்கே போயிற்று? ஆறு பெருக்கெடுத்தால் விரிந்து ஓடவேண்டிய இடத்தில் பாடிகளையும் கடைகளையும் விடுதிகளையும் எழுப்ப விட்டது யார்? முண்டக்கை 1984இலும் சரிந்த இடம். 2020இலும் சரிந்த இடம். மலை முன்னரே சொல்லியிருந்தது. தொழிலாளியை ஓடையின் வாயில் குடியமர்த்தியவர்கள் மேட்டுநிலத்துப் பங்களாவில் தங்கினார்கள். சில மணி நேரத்தில் கொட்டும் பேய்மழையைக் காடு முழுவதுமாகத் தாங்காது. ஆயினும் ஆண்டுதோறும் பெய்யும் கனமழையில் ஆயிரம் சிறுசரிவுகளை அது நமக்குத் தெரியாமலேயே தடுத்து நிறுத்துகிறது. நடக்காமல் போன சாவுகளுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. ஆகவே அந்தக் கணக்கு அரசின் கண்ணிலும் படுவதில்லை, நம் கண்ணிலும் படுவதில்லை.

மழை மிகும்போது காடு செய்வதைவிட, மழை பொய்க்கும்போது அது செய்வதே சமவெளியில் வாழும் நமக்கு நெருக்கமானது. இதைப் பற்றி நம் மேடைகளில் பேசுவார் இல்லை.

பழனி மலையின் உச்சிகளில் மலைமடிப்புகளுக்குள் ஒடுங்கி நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காட்டுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் சோலை. அதை வேறெப்படி அழைப்பதென்று அறியாத ஆங்கிலேயரும் அந்தத் தமிழ்ச் சொல்லையே தம் நூல்களில் எடுத்துக்கொண்டனர். சோலைகளுக்கு இடையே புல்வெளி. பெய்யும் மழையைப் புல்லின் வேர் வாங்கி மண்ணுக்குள் அனுப்புகிறது. சோலையின் தரையில் தலைமுறைகளாக மட்கிய சருகு அதைப் பஞ்சுபோல் பிடித்து வைக்கிறது. வைகாசியில் கூட ஓடையில் நீர் கசிவது இதனால்தான். இந்தப் புல்வெளிகளை ‘வெற்றுநிலம்’ என்று எண்ணிய அரசுகள், ஆங்கிலேயர் காலத்திலும் விடுதலைக்குப் பின்னும், தோல் பதனிடத் தேவையான பட்டைக்காகச் சீகை மரத்தையும், செயற்கைப் பட்டிழைக் கூழுக்காகத் தைல மரத்தையும் அவற்றில் நட்டன. மலை பச்சையாகவே இருந்தது, ஓடைகள் வற்றின. நீலகிரியில் உதகையைச் சார்ந்த மண், நீர்வள ஆய்வு நிலையத்தார், புல்வெளியில் தைல மரம் நட்ட ஓர் ஓடைப் படுகையையும் நடாத ஒன்றையும் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். முதல் வளர்ச்சிச் சுற்றில் நீர்வரத்து ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி அது மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது. மரக்கன்று நடுவிழாவில் படமெடுத்துக்கொள்ளும் நம் இளைஞர் இயக்கங்கள் இந்த எண்களை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். எதை, எங்கே நடுகிறோம் என்று கேளாமல் நடுவதும் ஒருவகை வெட்டுதலே ஆகிவிடுகிறது.

இதைத் திருச்சபைக்கு வெளியிலிருந்து யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. செண்பகனூரில் 1895இல் இயேசு சபையினர் நிறுவிய திரு இருதயக் கல்லூரியில் பயின்ற குருமாணவர்களும் ஆசிரியர்களும் அந்த மலையின் செடிகொடிகளைத் தேடித் தேடித் தொகுத்தனர். அந்த மரபில் வந்த அருட்பணியாளர் கே.எம். மாத்யூ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தை உருவாக்கி, பழனி மலையின் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999இல் வெளியிட்டார். ஒவ்வொரு சோலைக்கும் நடந்தே சென்றவர். 2004இல் மறைந்தார். ஒரு கத்தோலிக்கக் குரு வாழ்நாள் முழுவதையும் கொடுத்துப் பதிவு செய்த காட்டை, மற்றொரு கத்தோலிக்கக் குரு தியான இல்லத்துக்காக வெட்ட ஒப்பமிடுவதா? (தியானிக்கச் செல்பவர்கள் அங்கே எதைப் பார்த்துத் தியானிப்பார்கள் என்பதையும் பேரவை விளக்க வேண்டும்.)

அதே 1895ஆம் ஆண்டில் பெரியாற்றணை கட்டி முடிக்கப்பட்டது. தேனி, மதுரை மாவட்டங்களில் பென்னிகுக் படமில்லாத ஊர் அரிது. பிள்ளைகளுக்கு அவர் பெயரையே இட்டவர்களும் உண்டு. அது தகும். ஆனால் அணைக்குப் பின்னால் நிற்கும் காட்டுக்கு எந்த ஊரில் மாலை போடுகிறோம்? நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காடு காப்புக்காடாக நிற்பதால்தான் மழை, சேறாக இறங்காமல் நீராக இறங்குகிறது. இன்னும் வியப்பான ஒன்றை மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2018இல் எடுத்துரைத்தனர். தென்மேற்குப் பருவத்தில் தமிழகத்தில் பெய்யும் மழையின் ஈரத்தில் ஒரு கணிசமான பங்கு, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் தம் இலைகளால் மூச்சாக வெளிவிடும் ஈரமே என்பது அவர்கள் முடிவு. பருவமழை குறையும் ஆண்டுகளில் அந்தப் பங்கு மேலும் உயர்கிறதாம். கடல் கைவிடும் ஆண்டில் காடு தன் சேமிப்பை எடுத்துக் கொடுக்கிறது என்று நாம் இதைப் புரிந்துகொள்கிறோம். ஒட்டன்சத்திரத்துக் காய்கறித் தோட்டக்காரரும், வைகைப் பாசனத்து நெல்விவசாயியும் ஒரு சோலையைக் கூடக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் உண்ணும் சோற்றில் அது இருக்கிறது.

இனி, நம் ஆசிரியர் தம் கேள்விக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டிய விவிலியத்துக்கு வருவோம். மனிதர் மண்ணுலகை நிரப்பி அதைத் தமக்கு உட்படுத்தி ஆளவேண்டும் என்ற தொடக்க நூலின் முதல் அதிகாரத்தை அவர் சுட்டினார். தொண்ணூறுகளில் குருமடத்தில் படைப்பின் இறையியலுக்கு நமக்கு ஒதுக்கப்பட்டது சில வாரங்களே. 1990 உலக அமைதி நாளுக்குத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் படைப்பைக் குறித்தே செய்தி விடுத்திருந்தும், அது நம் பாடத்திட்டத்தை எட்டவில்லை. ஆனால் எபிரேயம் கற்பித்த முதிய பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் எழுதிக் காட்டிய ஒரு வினைச்சொல் இன்றும் மறக்கவில்லை. இரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் மனிதனைத் தோட்டத்தில் வைத்து, அதில் உழைக்கவும் அதைக் காக்கவும் பணிக்கிறார். காத்தல் என்பதற்கு அங்கே வரும் சொல் ‘ஷாமர்’. நான்காம் அதிகாரத்தில் ஆபேலைப் பற்றி ஆண்டவர் கேட்கிறபோது, தம்பிக்குத் தான் என்ன காவலாளியா என்று காயின் திருப்பிக் கேட்கிறான் அல்லவா? அந்தக் காவலாளி என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. தோட்டத்தைக் காப்பதற்கும் தம்பியைக் காப்பதற்கும் விவிலிய ஆசிரியரிடம் ஒரே சொல்தான் இருந்திருக்கிறது. மரமா மனிதனா என்ற பிரிவினை அவருக்குத் தெரியாது. காயினுக்குப் பின் ஆபேலின் இரத்தம் எங்கிருந்து கூக்குரலிட்டது? நிலத்திலிருந்து.

இன்னொன்றும் உண்டு. சாலமோன் ஆலயம் கட்ட லெபனோனின் கேதுரு மரங்களை வெட்டக் கட்டாய வேலைக்கு 30,000 பேரைச் சேர்த்து, மாதம் 10,000 பேராக அனுப்பினான் என்கிறது அரசர்கள் முதல் நூல். அந்த நுகத்தின் சுமை தாளாமல்தான் அவன் மகன் காலத்தில் நாடு இரண்டாகப் பிளந்தது. எசாயாவோ, பாபிலோன் அரசன் விழுந்தபோது லெபனோனின் மரங்கள் மகிழ்ந்து ஆர்ப்பரித்ததாகப் பாடுகிறார். அவனுக்குப் பின் தங்களை வெட்ட எவரும் ஏறி வரவில்லையாம். மரத்தை வெட்டும் கையும் ஏழையைக் கட்டாய வேலைக்கு இழுக்கும் கையும் ஒன்றென்பதை இறைவாக்கினர் அன்றே கண்டுகொண்டார். ஆலயத் திருப்பணி என்ற பெயர் அந்தக் கையைத் தூய்மையாக்கிவிடாது.

உலக அரங்கிலும் காடு இன்று பேசுபொருளாகியிருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட திருமடலில் அமேசான், காங்கோ படுகைக் காடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். 2019இல் அமேசானுக்கென்றே ஆயர் மாமன்றம் கூட்டினார். 2025 நவம்பரில் பிரேசில் நாட்டுப் பெலேம் நகரில் பருவநிலை மாநாடு நடந்தது. பெலேம் என்றால் போர்த்துக்கீசிய மொழியில் பெத்லகேம். வெப்பமண்டலக் காடுகளை வெட்டாமல் நிற்கவிடும் நாடுகளுக்குப் பணம் வழங்கும் நிதியம் ஒன்றை அங்கே தொடங்கினர். வரவேற்கிறோம். ஆயினும் நம் ஐயத்தையும் சொல்லிவிடுகிறோம். செல்வ நாடுகளின் கணக்குப் புத்தகத்தில் காடு என்பது கரியமில வாயுவை உறிஞ்சும் ஒரு கிடங்கு. எங்கோ ஓர் ஆலை புகை கக்க, இங்கே ஒரு காடு அதற்கு ஈடாக எழுதப்படுகிறது. அப்படி எழுதப்பட்ட பிறகு, தேனெடுக்கவும் வள்ளிக்கிழங்கு தோண்டவும் உள்ளே போகும் பளியர் அத்துமீறியவர் ஆகிவிடுவார். அவருக்கு வேண்டியது கரியமிலக் கணக்கன்று. பங்குனியில் ஓடையில் நீர், பயிர் பொய்த்த மாதத்தில் கிழங்கு, கடும் வெயிலில் காப்பிச் செடிக்கு மேலே நிழல். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவருடைய கிராம சபைக்கு அந்தக் காட்டின் மீது உரிமையும் பொறுப்பும் தந்திருக்கிறது. அந்த உரிமைக்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க நம் சமூகப் பணி மையங்கள் எத்தனை நாள் செலவிட்டன என்று கேட்டால், மரக்கன்றுகளின் எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள்.

கோடைக்கானலிலும் உதகையிலும் ஏற்காட்டிலும் மறைமாவட்டங்களுக்கும் துறவற சபைகளுக்கும் இல்லங்களும் தோட்டங்களும் உள்ளன. அவற்றுள் எவ்வளவு இன்னும் சோலை, எவ்வளவு தைல மரம், எத்தனை ஊற்றுகள், அவை எந்த ஊருக்குப் போகின்றன என்று ஒரு கணக்கெடுக்க ஆயர்களிடம் இதன்வழி வேண்டுகிறோம். பிறர் நிலத்தைப் பற்றி அறிக்கை விடுவது எளிது. நமக்கும் அது கைவந்த கலை.

கூட்டம் முடிந்த இரண்டு வாரத்தில், அந்த ஆசிரியரை உடன் அழைத்துக்கொண்டு மலைநிலத்துக்குப் போய் வந்தோம். அவர் அங்கே போனதில்லை. உண்மையில் பேரவையில் பாதிப் பேர் போனதில்லை. பளியர் குடியிருப்பில் ஓர் அம்மா ஊற்று வரை வழிகாட்டினார். 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்து, அடுத்த கோடையில் தமிழகம் முழுவதும் குடங்களோடு அலைந்ததே, அப்போது இந்த ஊற்று என்னாயிற்று என்று கேட்டோம். ‘மெலிஞ்சுச்சு. நிக்கல சாமி’ என்றார். கீழ் ஊர்களிலிருந்தும் வந்து வரிசையில் நின்று பிடித்துப் போனார்களாம். ஒரு சண்டைகூட நடந்ததாம். யார் யாரோடு என்பதையும் சொன்னார். அதில் நம் பங்கின் இரண்டு குடும்பங்கள் இருந்தன.

ஆசிரியர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது, ‘கூரைக்கு என்ன வழி சாமி?’ என்றார். நேர்மையான கேள்வி. பழைய காப்பித் தோட்டத்தை நிழல்மரம் குறையாமல் சீர்செய்து குத்தகைக்கு விட்டால் என்ன வரும் என்று இருவருமாகக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தோம். தேவையில் மூன்றில் ஒரு பங்கு கூடத் தேறவில்லை. பேரவை மூவொரு கடவுள் பெருவிழாவுக்கு அடுத்த வாரம் மீண்டும் கூடுகிறது. காட்டை வெட்டும் தீர்மானத்தில் நாம் ஒப்பமிடப் போவதில்லை என்பதை அதற்கு முன்பே நம் மக்கள் இந்தப் பக்கங்களில் படித்துக்கொள்ளட்டும். மீதிப் பணத்துக்கு வீடு வீடாக ஏறி இறங்கச் சித்தமாயிருக்கிறோம். ஆசிரியரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.